மூவாயிரம் மீல்

சிக்வார்ட் ஓக்கெர்லிண்ட் தம் பச்சைக் காரை ரூட்கெரின் கொட்டகைக்குக் கொண்டுபோனது ஆயில் மாற்றுவதற்காக அல்ல. குளிர்காலம் முழுவதும் போர்வைக்கடியில் நின்றிருந்த வண்டியை மே மாத வெயிலில் வெளியே எடுத்தபோது சைலன்சர் குழாய் கழன்று தொங்கியது. முழங்கால் மடங்க மறுத்ததால் அவரால் வண்டிக்கடியில் படுக்க முடியவில்லை. ரூட்கெர் ஃபலேன் நாற்பது ஆண்டு ஒர்க்‌ஷாப் நடத்தி ஓய்வு பெற்றவர். கொட்டகையில் பழைய குழி இன்னும் இருந்தது. ஊரின் பழைய கார் சங்கத்தார் கேட்டால் மட்டும் அதில் இறங்குவார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

ஆயில் விஷயத்தில் ஓக்கெர்லிண்ட் குடும்பத்துக்கு யாருடைய உதவியும் தேவைப்பட்டதில்லை. அவர்களிடம் நோட்டுப் புத்தகம் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் சிக்வார்டின் தகப்பனார் ஆல்கோட் அந்த இங்கிலாந்துக் காரைப் புதிதாக வாங்கியபோது, சுவீடிஷ் கையேடு இன்னும் அச்சாகி வரவில்லை என்று ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்தனுப்பினார்கள். ஆல்கோட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஊர்ப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டு ஆங்கில வாத்தியாராக இருந்தவர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, கருநீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் முழுக் கையேட்டையும் மொழிபெயர்த்து முடித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘என்ஜின் ஆயிலை ஒவ்வொரு 3000 மீலுக்கும் ஒரு முறை மாற்றவும்.’ மாற்றினார்கள். அவர் உயிரோடு இருந்தவரை அவர் மாற்றினார். பிறகு மகன் மாற்றினார். ஒவ்வொரு முறையும் தேதியும் மீட்டர் எண்ணும் நோட்டின் பின்பக்கத்தில் ஏறின. ஒரு முறைகூடத் தவறியதில்லை.

இது ஊருக்கே தெரியும். சங்கக் கூட்டங்களில் சிக்வார்ட் பல முறை எழுந்து சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்த நோட்டைச் சங்கத்தின் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். வருகிற சனிக்கிழமை காலைக் காப்பியின்போது அவர் அதை ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமையே அதை எடுத்துத் துடைத்து, மடிப்பு நீக்கி, காரின் முன்சீட்டில் வைத்திருந்தார்.

“சிக்வார்ட், கொஞ்சம் இங்க வா.”

ரூட்கெர் பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்திருந்தார். உட்புறத்தில் கன்னங்கரேல் என்று ஏதோ அப்பியிருந்தது.

“இது என்ன, ஆயிலா, அதிமதுர மிட்டாயா?”

“பழைய வண்டிப்பா. கொஞ்சம் படியத்தான் செய்யும்.”

“கடைசியா எப்ப மாத்தின?”

“ரெண்டாயிரத்து ஒன்பது, செப்டம்பர் பன்னிரண்டு,” என்றார் சிக்வார்ட், நோட்டைத் திறக்காமலே. “அடுத்தது இன்னும் அறுநூறு மீல் ஓடினப்புறம்.”

ரூட்கெர் விரலை மடக்கி எண்ணினார். “பத்து வருஷமா மாத்தலையா நீ?”

“வருஷக் கணக்கு இல்ல. மீல் கணக்கு. மூவாயிரம் மீலுக்கு ஒரு தடவை.”

ரூட்கெர் குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்துக் கிலோமீட்டர் ஒரு மீல். அந்த ஊரில் தூரத்தை யாரும் வேறு விதமாகச் சொல்வதில்லை. மூவாயிரம் மீல் என்றால் முப்பதாயிரம் கிலோமீட்டர்.

“யோவ், முப்பதாயிரம் கிலோமீட்டரா!”

“ஏன், என்னோட புது வண்டிக்கும் அதேதான் போட்டிருக்கான்.”

“அது புது வண்டி. அந்த ஆயில் வேற, அந்த என்ஜின் வேற. இது நம்ம காலத்துச் சாமான்ய்யா. இதுக்கு ஐநூறு மீலே ஜாஸ்தி. ஓடவே இல்லைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். சும்மா நின்னா உள்ள தண்ணி கோத்துக்கிட்டுப் புளிச்சுப் போகும்.”

“கையேட்ல இருக்கு.”

“எந்தக் கையேட்ல?”

“அப்பா எழுதினதுல.”

ரூட்கெர் மூடியைத் துணியில் துடைத்தார். துடைத்தது போதாதென்று மறுபடி துடைத்தார். “வாத்தியாரா அப்படி எழுதியிருக்காரு?” என்றார் மெதுவாக.

அந்தக் கேள்வியில் இருந்தது என்ன என்று சிக்வார்டுக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஆறாம் வகுப்பில், வைக்கோலைக் கொட்டகையில் அடைத்த ஒரு விவசாயியைப் பற்றிய ஆங்கில வாக்கியத்தை ரூட்கெர் மொழிபெயர்த்தான். கொட்டகைக்கு ஆங்கிலத்தில் பார்ன். சுவீடிஷில் பார்ன் என்றால் குழந்தை. ‘விவசாயி வைக்கோலைக் குழந்தைக்குள் திணித்தான்’ என்று எழுதிக் கொடுத்தான். ஆல்கோட் அதை வகுப்பு முழுவதும் கேட்க வாசித்து, “சத்தம் ஒன்றாக இருந்தால் அர்த்தமும் ஒன்றா, ஃபலேன்?” என்று கேட்டு, அவனைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். பள்ளி முடிகிறவரை அவனுக்கு ‘வைக்கோல்’ என்றே பெயர். அந்த ஆண்டு ஆங்கிலத்தில் அவன் தேறவில்லை.

சிக்வார்ட் முதுகை நிமிர்த்திக்கொண்டார். “அச்சுப் புத்தகம் வீட்ல இருக்கு. போய்க் கொண்டுவர்றேன். கண்ணால பார்த்துட்டு நீ எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“கேக்கறேன். அவர் படுத்திருக்கிற இடத்துக்கே வந்து கேக்கறேன். என் சைக்கிள எடுத்துக்கோ, முழங்காலுக்கு நல்லது. நான் அதுக்குள்ள காப்பி போடறேன்.”

எழுபது வயதில், நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொடிக்கம்பம் போல விறைப்பாக உட்கார்ந்து சிக்வார்ட் சைக்கிள் மிதித்தார். தபால் நிலைய அதிகாரியாக இருந்த காலத்தில் ஒரு கடிதத்தைக்கூட அவர் தவறான வீட்டுக்குப் போகவிட்டதில்லை. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பாவின் படத்தைக் காட்டுவார்.

ஆங்கிலக் கையேடு மேசை இழுப்பறையில், எண்ணெய்த் தாளில் சுற்றியபடி இருந்தது. ஐம்பது ஆண்டுகளில் அதைப் பிரித்ததாக நினைவில்லை. மொழிபெயர்ப்பு கையில் இருக்கும்போது மூலத்தை யார் பிரிப்பார்கள்? பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். மூவாயிரம் என்ற எண் இருந்தது. சரிதான் என்று புத்தகத்தை மூடப் போனவர், அதற்கு அடுத்த சொல்லைப் பார்த்தார். மைல்.

பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார். அப்போதும் மைல்தான். இங்கிலாந்துக்காரனின் மைல். ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மூவாயிரம் மைலைக் கிலோமீட்டராக்கினால் ஐயாயிரத்தைக்கூட எட்டாது.

தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த மனைவி ஸ்வேயா, கையில் மண்ணோடு உள்ளே வந்தாள். “என்ன சிக்வார்ட், யாராவது செத்துட்டாங்களா?”

அவர் இரண்டு புத்தகங்களையும் அவள் முன்னால் திருப்பி வைத்தார். ஸ்வேயா ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“அம்பது வருஷமா! அதுவும் மாமனார்! என் கல்யாணப் பத்திரிகையில காற்புள்ளி தப்புன்னு திருப்பி அனுப்பின மனுஷன்!”

“சிரிக்காத. இது அப்பாவோட பேரு.”

அவர் முகத்தைப் பார்த்து ஸ்வேயா சிரிப்பை நிறுத்தினாள். “சரி, ‘இங்கிலீஷ் மீல்’னு எழுத நினைச்சிருப்பார். ஒரு வார்த்தை விட்டுப்போச்சுன்னு சொல்லிடு. யாருக்குத்தான் விட்டுப்போகாது?”

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சிக்வார்ட் அவசரமாக நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டினார். முதல் பதிவு அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. மீட்டர் எண் முப்பதாயிரத்து நான்கு. பக்கத்தில், ‘நான்கு கிலோமீட்டர் தாமதம். இனி கவனம் தேவை’ என்று ஒரு குறிப்பு வேறு. விட்டுப்போனது ஒன்றும் இல்லை. தாம் எழுதியதைத்தான் அப்பா நம்பியிருந்தார்.

“முடியாது,” என்றார். “தப்புதான் பண்ணியிருக்கார்.”

“அப்ப சனிக்கிழமை நோட்டக் கொண்டுபோகாத. தேடினேன், காணோம்னு சொல்லிடு.”

“இந்த வீட்ல எதுவும் காணாமப் போனதில்ல, ஸ்வேயா.”

அவர் திரும்பிப் போனபோது ரூட்கெர் குழாயைக் கட்டி முடித்துக் காப்பி ஊற்றி வைத்திருந்தார். சிக்வார்ட் இரண்டு புத்தகங்களையும் பெஞ்சின் மேல் விரித்து வைத்தார். ரூட்கெருக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும்; ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொண்டிருந்தார். விரலை வைத்து வாசித்தார். மைலில் விரல் நின்றது. நோட்டுக்கு வந்தது. மீலில் நின்றது.

இதோ வரப்போகிறது என்று சிக்வார்ட் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஐம்பத்தெட்டு ஆண்டு பாக்கி. வரட்டும்.

“அப்ப இந்த வண்டி எப்படிய்யா இன்னும் உயிரோட இருக்கு?” என்றார் ரூட்கெர். உண்மையாகவே அவருக்கு அதுதான் விளங்கவில்லை. குழிக்குள் இறங்கி விளக்கைப் பிடித்து மேலே பார்த்தார். கீழிருந்து அவர் குரல் வந்தது. “ஒழுகுதே! இங்கயும் ஒழுகுது, அந்தப் பக்கமும் ஒழுகுது. எவ்வளவு ஊத்துவ?”

சிக்வார்டுக்குக் காது சிவந்தது. அது வீட்டு ரகசியம். பிறர் வாசலில் வண்டியை நிறுத்தும்போது கறை விழக்கூடாதென்று டிக்கியில் எப்போதும் அட்டை வைத்திருப்பார்கள். யாரும் பார்க்காதபோது விரித்து, கிளம்பும்போது மடித்து எடுத்துக்கொள்வார்கள். “அம்பது மீலுக்கு ஒரு லிட்டர்,” என்றார் தாழ்ந்த குரலில்.

ரூட்கெர் மேலே ஏறி வந்தார். “மூவாயிரம் மீலுக்கு அறுபது லிட்டர். இதுக்குள்ள பிடிக்கறதே நாலு லிட்டர். நீங்க மாத்தாமலே பதினஞ்சு தடவை மாத்தியிருக்கீங்க! இந்த ஒழுகல் மட்டும் இல்லைன்னா இது எழுபத்தி ஒண்ணுலயே சுடுகாட்டுக்குப் போயிருக்கும்.”

இருவரும் காப்பி குடித்தார்கள். குடித்து முடித்ததும் ரூட்கெர் கோப்பையைக் கீழே வைத்து, கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு, மென்மையான குரலில் சொன்னார்: “இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த வரி மேல ஒரு துண்டுக் காகிதத்த ஒட்டிடு. கண்ணாடிப் பெட்டில யார் உத்துப் பார்க்கப் போறாங்க? வாத்தியார் நல்ல மனுஷன்யா. போகட்டும்.”

அதுதான் சிக்வார்டைச் சுட்டது. ரூட்கெர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். கையைத் தட்டி ஊரைக் கூட்டியிருந்தாலும் நிமிர்ந்து நின்றிருப்பார். ஆனால் இந்தக் கருணை! இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் ரூட்கெர் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருப்பார்; ஓக்கெர்லிண்ட் குடும்பத்தின் பெயர் அந்த மூடிய வாய்க்குள் பத்திரமாக இருக்கும். ஒரு குடும்பம் அடுத்தவன் தயவில் வைத்திருக்கிற பெயர் எப்படி அதன் பெயராகும்?

“உன்ன அவர் கரும்பலகை பக்கத்துல நிக்க வெச்சப்ப,” என்றார் சிக்வார்ட், “உன் தப்பு மேல காகிதம் ஒட்டினாரா?”

“அது பழைய கதை. விடுப்பா.”

“ஒட்டினாரா?”

“இல்ல.”

“சனிக்கிழமை சரியா பதினொரு மணிக்கு வந்துடு. இப்ப இத மாத்து.”

என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அடிப்போல்ட்டைத் திருகியபோது, கருப்பாகக் கயிறு போல நீண்டு அது தட்டில் விழுந்தது. ஃபில்டரைக் கழற்றி ரூட்கெர் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, “செங்கல் கனம்,” என்றார். புதிய ஆயில் தேன் நிறத்தில் இறங்கியது. “இது சும்மா உள்ள கழுவி விடறதுக்கு. இருநூறு மீல்ல மறுபடி கொண்டா. இல்ல, மீல்னே வேண்டாம். ரெண்டாயிரம் கிலோமீட்டர். எழுதிக்கோ, ரெண்டாயிரம்.” சிக்வார்ட் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை, மூடிக்கிடந்த பால் பண்ணையைச் சீர்படுத்தி உருவாக்கிய சங்க மண்டபத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஏலக்காய் பன் மணம் கதவுவரை வந்தது. தலைவி குன்வோர் தட்டும் இடுக்கியுமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சிக்வார்ட் கழுத்துப் பட்டை கட்டி, ஷூவைப் பளபளப்பாக்கி வந்திருந்தார். ஸ்வேயா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்காலை மேசைக்கடியில் ஒரு முறை அழுத்தினாள்.

அவர் எழுந்தார். நோட்டைத் திறந்தார்.

“இந்த நோட்டைப் பத்தி நான் உங்ககிட்ட நிறையப் பெருமை பேசியிருக்கேன். பன்னிரண்டாம் பக்கத்துல எங்கப்பா ஒரு தப்பு பண்ணியிருக்கார். இங்கிலீஷ்ல மைல்னு இருக்கறத மீல்னு எழுதிட்டார். அதனால நாங்க அம்பத்து மூணு வருஷத்துல மொத்தம் நாலு தடவைதான் ஆயில் மாத்தியிருக்கோம். அவர் எழுதினத நான் சரிபார்க்கல. அவரும் சரிபார்க்கல.” ரூட்கெர் பக்கம் திரும்பினார். “ரூட்கெர், கொட்டகையில வைக்க வேண்டிய வைக்கோலக் குழந்தைக்குள்ள திணிச்சது நீ. மைலுக்குள்ள மீலத் திணிச்சது எங்கப்பா. உன்ன நிக்க வெச்சார். அவர் உயிரோட இருந்தா அவரும் நின்னிருப்பார். அவருக்குப் பதிலா நான் நிக்கிறேன்.”

அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வாத்தியாரிடம் படித்தவர்கள். எல்லோரும் ரூட்கெரைப் பார்த்தார்கள். ரூட்கெரின் முகம் மொட்டைத் தலைவரை சிவந்துவிட்டது.

“என் தப்பால,” என்றார் ரூட்கெர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “எந்த என்ஜினுக்கும் கெடுதல் வரலை.”

சிரிப்பு கூரையைத் தூக்கியது. குன்வோர் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். “நானும் மைல்ன்றதுக்கு மீல்னு எழுதினேன், பரீட்சையில! எனக்கு அரை மார்க் குறைச்சாரே அந்த மனுஷன்! இப்ப யார்கிட்ட போய்த் திருப்பிக் கேக்கறது?”

“சிக்வார்ட்கிட்ட கேளு! சொத்து அவன்கிட்டதான் இருக்கு,” என்றார் யாரோ.

“தர்றேன்,” என்றார் சிக்வார்ட். “பெட்டிய எங்க திறக்கணும்?”

நோட்டு பன்னிரண்டாம் பக்கம் தெரியும்படி கண்ணாடிக்குள் போனது. காகிதம் எதுவும் ஒட்டவில்லை. அவர் திரும்பி வந்து நின்றார். இனிமேல் கேள்விகள் வரும், யாராவது அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை தாழ்த்திப் பேசுவார்கள், அதற்கு என்ன பதில் என்று வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார்.

யாரும் அப்படிப் பேசவில்லை. நீளமான அமெரிக்கக் கார் வைத்திருந்த ஹோல்கெர், “அது கிடக்கட்டும், அப்ப எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்? நான் வசந்தத்துல மாத்தறேன், வண்டிய வெளிய எடுக்கறப்ப,” என்று ஆரம்பித்தார்.

“வசந்தத்துலயா? பழைய ஆயிலோட குளிர்காலம் பூராவும் நிக்க வைப்பியா?” என்றார் ரூட்கெர். “அந்தப் புளிப்பு உள்ள இருந்து அரிக்கும். அக்டோபர்ல மாத்தி, அப்புறம் போர்வையப் போடு.”

“புது ஆயில ஆறு மாசம் சும்மா தூங்க வைக்கறதா? யார் காசு?”

“நான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான்,” என்றது இன்னொரு குரல். “ஒண்ணும் ஆகலை.”

“ஆயில் நிறத்தப் பாருங்க. கறுத்துட்டா மாத்துங்க. அவ்வளவுதான்.”

“நிறத்த வெச்சு என்னத்தக் கண்டுபிடிப்ப?”

இரண்டே நிமிடம். இரண்டு இரவு தூங்க விடாமல் அடித்த குடும்ப மானம் இரண்டே நிமிடத்தில் பேசி முடிந்து, மேசையெங்கும் ஆயில் ஓடிக்கொண்டிருந்தது. சிக்வார்டுக்கு உள்ளூரச் சற்று மனத்தாங்கலாகக்கூட இருந்தது. ஆல்கோட் ஓக்கெர்லிண்டின் தவறு இன்னும் கொஞ்ச நேரம் பேசப்படத் தகுதியுள்ளது என்று அவருக்குப் பட்டது.

“மூணு வருஷம் விட்டாலும் பழைய என்ஜின் தாங்கும்,” என்றார் ஹோல்கெர்.

“வருஷா வருஷம்!” என்றார் சிக்வார்ட். குரல் அவ்வளவு உரக்க வந்ததில் குன்வோரின் இடுக்கியிலிருந்து பன் நழுவியது. “ஓடினாலும் ஓடலைன்னாலும் வருஷா வருஷம்! அக்டோபர்ல!”

“முந்தாநாள் வரைக்கும் பத்து வருஷம்னு சொன்ன ஆளு,” என்றார் ரூட்கெர்.

மண்டபம் மறுபடி வெடித்தது. இந்த முறை ஸ்வேயாவும் அடக்கவில்லை. சிக்வார்ட் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். பயனில்லை, அவரும் சிரித்துவிட்டார். ரூட்கெர் பன் தட்டை அவர் பக்கம் தள்ளினார். சங்கத்தில் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்பது சிக்வார்டின் வழக்கம். இரண்டாவதை எடுத்துக் கடித்தார்.

“அக்டோபர்தான்,” என்றார் மறுபடியும், பன் நிறைந்த வாயோடு, ஹோல்கெரைப் பார்த்து.